மரக்கரண்டிக்காரர் சொன்னது

பனி வாருவதில் ரஸ் ஹோலுப்பை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. மற்றவர்கள் தங்கள் வாசலை மட்டும் வாரி, வாரியதைப் பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். ரஸ் தன் வாசலை முடித்துவிட்டு எங்கள் வாசலுக்கு வருவார். நான் எழுந்து காபி போடுவதற்குள் நடைபாதை கோடு கிழித்ததுபோல் சுத்தமாக இருக்கும், உப்பும் தூவியிருப்பார். இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. அவர்மேல் எனக்கு எப்போதும் கோபம் இருந்ததில்லை. நீங்கள் கோபத்தைத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம், நேரம்தான் வீணாகும்.

நீங்கள் விசாரணைக்காக மாவட்டத் தலைநகரிலிருந்து வந்திருப்பதால் என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. லோவல் பிரென்னமன். எல்க் ஹாலோ உயர்நிலைப் பள்ளியில் குடிமையியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் இன்று ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டுச்சீட்டு என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தது நான்தான். அவர்கள் அதை வைத்துச் செய்வதற்கு நான் பொறுப்பில்லை. மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமைக்குப் பள்ளிக்கே விடுமுறை விடுகிற ஊர் இது. அந்தத் திங்கட்கிழமைகளில் நான் மட்டும் வகுப்பறைக்குப் போய் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திவிட்டு வருவேன். ஒருவராவது வர வேண்டும் அல்லவா.

எங்கள் குடும்பம் துப்பாக்கி தொடாத குடும்பம். என் தாத்தா, போருக்கு அழைத்தபோது மறுத்துவிட்டு, முகாமில் அடைபட்டு மரம் நட்டுக்கொண்டிருந்தவர். வீட்டில் எலி வந்தால்கூட நாங்கள் கொல்வதில்லை. கூண்டில் பிடித்து, காரில் எடுத்துப் போய், வயலோரம் விட்டுவிட்டு வருவேன். "நீ வர்றதுக்கு முன்னாடி அது வீட்டுக்கு வந்து சேந்துடுது லோவல்" என்பாள் நாடீன். நாடீன் என் மனைவி. நான் கற்பித்த பள்ளியிலேயே நர்ஸாக இருந்தவள். அவளை ஊரில் எல்லோருக்கும் பிடிக்கும். என்னை எல்லோரும் மதிப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் மரக்கரண்டி இயக்கம் தொடங்கிய விதத்தைச் சொல்கிறேன். ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் ஒருவர் முலாம்பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் எல்லோரும் பார்க்கும்படி கைத்துப்பாக்கி. சட்டம் அனுமதிக்கிறது, மறுக்கவில்லை. முலாம்பழம் இவரை என்ன செய்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து நாடீனின் பெரிய மரக்கரண்டியை எடுத்து பெல்ட்டில் செருகிக்கொண்டு அதே கடைக்குத் திரும்பிப் போனேன். பாலும் ரொட்டியும் வாங்கினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். ஓர் அடையாளப் போராட்டம் அவ்வளவுதான் செய்ய வேண்டும்.

அன்று மாலை வேலி ஓரமாக ரஸ் என் இடுப்பைப் பார்த்தார். அவர் வீடுகளில் ஹீட்டர் பழுதுபார்க்கிறவர். கையில் எப்போதும் கரி இருக்கும்.

"என்ன வாத்தியாரே, சூப் ஊத்தற கரண்டியா?"

"அடையாளம் ரஸ். நீங்கள்லாம் ஆயுதத்தோட நடமாடறீங்க. இனிமே நாங்க கரண்டியோட நடமாடப் போறோம்."

"அடையாளம் சரி. ஆனா பெல்ட்ல சும்மா சொருகியிருக்கீங்களே, உக்காந்தா விலாவுல குத்தும். இருங்க வரேன்."

உள்ளே போய் ஒரு பழைய தோல் உறையை எடுத்து வந்தார். துப்பாக்கி உறை. அடிப்பக்கத்தைக் கத்தியால் அறுத்து, கரண்டிக் காம்பு இறங்கும்படி ஓட்டை போட்டு, தன் கையாலேயே என் இடுப்பில் மாட்டிவிட்டார். "இப்ப உருவிப் பாருங்க. இன்னும் வேகமா. ஆங். இனிமே எவனாவது பசியோட எதுக்க வந்தா நீங்க ரெடி."

நாங்கள் இருவரும் சிரித்தோம். எங்கள் இயக்கத்தின் முதல் உறை ஒரு துப்பாக்கிக்காரர் கொடுத்தது என்பதை நான் பிறகு பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். நன்றாக எடுபடும்.

கொஞ்ச நாளில் மாதா கோயில் பெண்கள் சிலர், நூலகர், பல் டாக்டர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். கரண்டியோடு வங்கிக்குப் போனோம், தபால் நிலையத்துக்குப் போனோம். துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் மெர்ல் ஸ்டுக்கி, 'கரண்டிகளை வெளியே வைத்துவிட்டு உள்ளே வரவும்' என்று கடை வாசலில் பலகை மாட்டினார். அவர்தான் எங்கள் மாவட்டத் துப்பாக்கி மன்றத்தின் தலைவர். என் பழைய மாணவர், சுமார் மாணவர். அந்தப் பலகையோடு பலர் படம் எடுத்துக்கொண்டார்கள். எங்களோடு எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

ஊர்ப் பூங்காவில் துப்பாக்கியைத் தடை செய்யலாமா என்று ஊர் மன்றம் விவாதத்துக்கு எடுத்தது. தீயணைப்பு நிலையக் கூடத்தில், வெள்ளிக்கிழமை மீன் விருந்து முடிந்த கையோடு கூட்டம். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் திருடனைச் சுடுகிறார்கள், எத்தனை பேர் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் சுட்டுக்கொள்கிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினேன். ஒரு தவறான எண் கிடையாது. பின்வரிசையில் ஒருவர் தூங்கினார்.

எதிர்த்தரப்பில் மெர்ல் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். மெர்ல் அவ்வளவு சுமார் மாணவர் இல்லை போலிருக்கிறது. ரஸ்ஸை முதுகில் கைவைத்து முன்னால் தள்ளிவிட்டார்.

ரஸ் மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்குப் பேச வராதுங்க" என்றார். "வாத்தியார் சொன்ன கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கும், அவரு தப்பாச் சொல்ல மாட்டாரு. என் வீட்டுக்காரி ஐலீன் போனதுக்கப்புறம் அந்த வீட்ல நான் மட்டும்தான். வீடு பேசுது. கொழாய் பேசுது, படிக்கட்டு பேசுது. பயமா இருந்துச்சு. ஆம்பளை இதைச் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். அப்புறம் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி அலமாரில வெச்சேன். அது அங்க இருக்குன்னு தெரிஞ்சதுலேருந்து தூங்கறேன். அவ்வளவுதாங்க. பார்க்குக்கெல்லாம் நான் எடுத்துட்டுப் போறதில்ல. அங்க எனக்கு என்ன பயம், அணில்தானே இருக்கு."

கூடம் முழுக்கச் சிரிப்பு. பிறகு கைதட்டல், அது நிற்கவே வெகுநேரமாயிற்று. நாடீனும் தட்டினாள். நான் திரும்பிப் பார்த்ததும், "என்ன, பாவம், அழகாத்தானே பேசினாரு" என்றாள்.

வாசலில் ரஸ் என்னைத் தேடி வந்தார். "மன்னிச்சுக்கங்க வாத்தியாரே. மெர்ல் தள்ளிவிட்டுட்டான்."

"நல்லாப் பேசின ரஸ்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஓட்டெடுப்பை மான் வேட்டைக் காலம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று மன்றம் தள்ளிப்போட்டது.

அவர் பேச்சை ஓர் ஆசிரியராக நான் பலமுறை ஆராய்ந்தேன். அதில் இருந்தது ஒரே வாதம்: பயந்தவன் கையில் துப்பாக்கி இருந்தால் அவனுக்கு நல்லது. புள்ளிவிவரத்தால் இதை மறுக்க முடியாது என்பதைக் கூடத்திலேயே பார்த்துவிட்டேன். செய்முறையால் மறுக்கலாம்.

முதல் தடவை தற்செயலாக நடந்தது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் கொடுத்தனுப்பிய பியரோகி கொழுக்கட்டைப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மாலைதான், ஆனால் இருட்டிவிட்டது. கராஜுக்குப் பின்னால் உறைபனியில் கால் வழுக்கி, குப்பைத் தொட்டி உருண்டது. ரஸ் செருப்போடு வெளியே வந்தார். இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்திருந்தார். அதன் முனை மரத்துக்குப் போயிற்று, தபால் பெட்டிக்குப் போயிற்று, அவருடைய சொந்த வண்டிக்குப் போயிற்று. பல் தந்தியடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்த நிலையில் ஒருவரைக் கூப்பிடுவது புத்திசாலித்தனம் இல்லை என்று கராஜ் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன். பாத்திரத்தோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை ரஸ் வேலி ஓரம் வந்தார். "நேத்து எதாச்சும் சத்தம் கேட்டுச்சா வாத்தியாரே?"

'அது நான்தான்' என்பது வாய்வரை வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். கூடத்தில் அத்தனை பேரும் கைதட்டிய மனிதரின் முகம் அது, தூக்கம் இல்லாமல் வெளிறிப் போயிருந்தது. அப்படியென்றால் அவர் கூட்டத்தில் சொன்னது சரியில்லை. அந்தப் பொருள் அலமாரியில் இருந்தும் அவர் தூங்கவில்லை. ஊருக்கு இது தெரிய வேண்டாமா.

"நான் எதுவும் கேக்கலையே ரஸ்" என்றேன்.

அதன்பிறகு நான் செய்தவை மிகச் சிறிய காரியங்கள். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூடக் குற்றம் ஆகாது. ஜன்னலில் இரண்டு கூழாங்கல். பின்கதவுப் பிடியை ஒருமுறை திருப்பி விடுவது. கராஜைத் திறக்கும் எண்ணை அவசரத்துக்கு வேண்டும் என்று அவரே எனக்குக் கொடுத்திருந்தார், ஒருநாள் திறந்து வைத்தேன், எதையும் எடுக்கவில்லை. பனி பெய்தபோது அவர் படுக்கையறை ஜன்னல்வரை நடந்துபோய், அதே தடத்தில் பின்பக்கமாகவே கால் வைத்துத் திரும்பினேன். வந்த தடம் மட்டும் இருக்கும், போன தடம் இருக்காது. இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஐலீன் வாங்கி வைத்த சிமெண்ட் வாத்து ஒன்று அவர்கள் தோட்டத்தில் உண்டு. மழைக்கு மழைக்கோட்டு, கிறிஸ்துமஸுக்குச் சிவப்புத் தொப்பி என்று அவள் அதற்கு உடுத்திவிடுவாள். எப்போதும் தெருவைப் பார்த்து நிற்கும். அதை வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அன்று ரஸ் வேலைக்குப் போகவில்லை.

நான் எதிர்பார்த்தது என்ன என்று கேட்பீர்கள். பாதம். என் புள்ளிவிவரங்களின்படி அது பாதமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பதற்றத்தில் ஒரு முறை சுடுவார், தன் காலிலேயே படும், இல்லாவிட்டால் தபால் பெட்டியில் படும். மருத்துவமனைக்குப் பழம் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இடது பாதமாக இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன், ஏனென்றால் வண்டி ஓட்ட வலது கால் வேண்டும். ஒரு மனிதரின் தொழிலைக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை.

ரஸ் மாறினார். முன்கதவுக்குக் குறுக்கே ஐலீனின் பீரோவை நகர்த்திப் போட்டார். பின்வாசலில் ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு மாட்டினார். மெர்லிடம் இன்னொரு துப்பாக்கி வாங்கினார், பிறகு இன்னொன்று. ரொட்டி வாட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று இருப்பதை நானே பார்த்தேன். சட்டை தொளதொளவென்று தொங்கியது. அந்தப் பருவத்தில் எங்கள் வாசல் பனியை நானே வாரவேண்டியதாயிற்று. இடுப்பு மிகவும் வலித்தது.

எல்லாவற்றையும் அவர் என்னிடம்தான் சொல்வார். போலீஸிடம் ஒரு தடவை சொன்னார், அவர்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எனக்கு மண்டை கொழம்பிடுச்சுன்னு நினைக்கறாங்க வாத்தியாரே. நீங்க சொல்லுங்க, நான் பைத்தியமா?"

"இல்ல ரஸ். நீ தனியா இருக்க. வீடு பெருசு. அவ்வளவுதான்."

"யாரோ என்னை நல்லாத் தெரிஞ்சவன். வாத்து ஐலீனோடதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதைத்தான் தாங்க முடியல."

"அந்தத் துப்பாக்கிகளையெல்லாம் கொஞ்ச நாள் எங்கயாவது குடுத்து வெச்சுட்டா நிம்மதியா இருக்கும்" என்று நான் சொன்னேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு வழி திறந்தே இருந்தது.

நாடீன் அவருக்கு வாரம் இரண்டு தடவை சாப்பாடு கொண்டுபோவாள். திரும்பி வந்து கோட்டைக் கழற்றாமலே சமையலறையில் நிற்பாள். "யாரோ வேணும்னே பண்றாங்க லோவல். இவ்வளவு கொடூரமா ஒருத்தன் இந்த ஊர்ல இருக்கானா?" நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அவள் சொன்ன வார்த்தை எனக்கு அதிகப்படியாகப் பட்டது. ஆனால் அப்போது அதைத் திருத்துவது சரியாக இருந்திருக்காது.

ஓட்டெடுப்புக்கு இரண்டு வாரம் இருந்தபோது நிலவரம் எங்களுக்குச் சாதகமாக இல்லை. ஊர் மன்ற உறுப்பினர்கள் ஐந்து பேரில் மூன்று பேர் மெர்லின் வாடிக்கையாளர்கள். அன்று மாலை, பொழுது சாய்ந்த நேரத்தில், ரஸ்ஸின் பின்வாசல் விளக்கின் பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் சமையலறைக் கதவு வழியாக உள்ளே வந்தேன். நாடீன் ஜன்னலருகே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னலிலிருந்து ரஸ்ஸின் பின்வாசல் நன்றாகத் தெரியும்.

"அங்க என்ன பண்ணிட்டிருந்த?"

"அந்த பல்பைப் பாத்தேன்."

"முறுக்கினியா, கழட்டினியா?"

நாடீனிடம் நான் பொய் சொன்னதில்லை. எங்கள் குடும்ப வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற விஷயம் அது. "கழட்டினேன்" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். நான் அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன், வகுப்பில் விளக்குவதுபோல, நோக்கத்திலிருந்து தொடங்கி. பாதம் பற்றியும் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அந்த வாத்து?"

"ஆமா."

"ஜன்னல்கிட்ட வந்த காலடி?"

"ஆமா. அதுக்குத்தான் ரொம்ப நேரமாச்சு."

"ஐலீன் செத்தன்னிக்கு ஆஸ்பத்திரில அந்த மனுஷன் கையைப் புடிச்சிட்டு உக்காந்திருந்தது நீதான் லோவல்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல நாடீன். அது ரஸ். இது கொள்கை."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பள்ளியில் வயிற்றுவலி என்று வரும் பிள்ளைகளை, உண்மையில் வலிக்கிறதா என்று பார்க்கிற பார்வை. "நாம ரெண்டு பேரும் இப்பவே போறோம். நீ உன் வாயால சொல்ற."

"ஓட்டெடுப்பு முடியட்டும். நானே சொல்றேன். இப்ப வெளிய தெரிஞ்சா கரண்டி இயக்கத்தையே பாத்துச் சிரிப்பாங்க. எத்தனை பேரோட உழைப்பு இது."

"அவரு தூங்கி எத்தனை நாளாச்சுன்னு தெரியுமா உனக்கு? நின்னுட்டே தூங்கறாரு. நேத்து எங்கிட்டப் பேசிட்டிருக்கும்போதே தூங்கிட்டாரு." அடுப்பிலிருந்த சூப்பைச் சிறிய குண்டானுக்கு மாற்றினாள். கெட்ட செய்தி சொல்லப் போகும்போது நாடீன் வெறுங்கையோடு போகமாட்டாள். "நீ வரியா இல்லையா?"

"யோசிச்சுப் பாரு" என்றேன்.

"நான் யோசிச்சாச்சு. அவருகிட்ட சொல்லிட்டு மெர்லுக்கும் போன் பண்ணப் போறேன். அவரும் அவரு மன்றத்து ஆளுங்களும் யாரோ திருடன்னு ஊரெல்லாம் தேடிட்டிருக்காங்களே, அவங்களாவது தூங்கட்டும்."

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலிக் கதவு உண்டு, அது வழியாக. ரஸ்ஸின் முன்கதவில் பீரோ கிடந்ததால் எல்லோரும் பின்வாசலுக்குத்தான் போவார்கள். ரஸ் சமையலறையில் இருந்தார். கதவைத் திறக்காமலே, கதவு வழியாகவே சுட்டார். பிறகுதான் திறந்தார். அவர் போட்ட கூச்சலைத் தெருவில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், அவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் போனபோது அவர் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தார். குண்டான் கவிழ்ந்து சூப் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் இல்லை.

நான் அழுதேன். அதை நீங்கள் சந்தேகிக்க வேண்டியதில்லை. இன்னமும் காலையில் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன்.

தன் வீட்டில், நியாயமான பயத்தில் சுட்டவர் என்று அரசு வழக்கறிஞர் ரஸ்மேல் வழக்குப் போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நினைவுக் கூட்டம் நடத்தினோம். முன்பெல்லாம் எங்கள் கூட்டங்களுக்கு ஒரு வேன் போதும். அன்று வண்டி நிறுத்த இடமில்லை. எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு மரக்கரண்டி. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். நாடீன் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று என்னைக் கேட்டார்கள். பெருமைப்பட்டிருப்பாள் என்றேன்.

ரஸ்ஸும் வந்தார். அவருடைய சகோதரி கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. மேடைப் படியில் அவர் முழங்கால் மடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கொன்னுட்டேன் வாத்தியாரே. எனக்குச் சோறு போட்ட கைய நான் கொன்னுட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க நல்லதுக்குத்தான் போன் பண்ணீங்க."

நான் அவரைத் தூக்கி நிறுத்தி, மைக்குக்கு முன்னால், "உன்னை மன்னிச்சுட்டேன் ரஸ்" என்றேன். அழாதவர்கள் யாரும் இல்லை. கேமரா பிடித்தவர்கூட அழுதார். ஓட்டெடுப்பில் பூங்காத் தடை ஒருமனதாக நிறைவேறியது, அந்த விதிக்கு நாடீனின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பூங்காவில் அதற்கு முன்பும் யாரும் சுடப்பட்டதில்லை என்று ஓர் உறுப்பினர் முணுமுணுத்தார், ஆனால் அவரும் கையைத் தூக்கினார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன். வெளிப்படையாகச் சொல்கிறேன். மெர்ல் ஸ்டுக்கிதான் என்னை இங்கே வரவைத்தது.

இறந்தது நாடீன், ஆனால் ஊர் பேசுவது யாரைப் பற்றி? அந்தத் திருடனைப் பற்றி. ரஸ் வீட்டைச் சுற்றி நடமாடிய, இன்னும் பிடிபடாத அந்த ஆளைப் பற்றி. மெர்லின் கடையில் அலமாரி காலி. எங்கள் கரண்டிப் பெண்களில் இரண்டு பேர் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். பல் டாக்டர் வாங்கிவிட்டு எனக்கு வணக்கம் சொல்வதைத் தவிர்க்கிறார். துப்பாக்கி மன்றத்து ஆட்கள் எங்கள் தெருவில் முறைவைத்துக் காவல் சுற்றுகிறார்கள். இந்தத் தெரு உண்டான நாளிலிருந்து இவ்வளவு துப்பாக்கி இங்கே இருந்ததில்லை. போன வாரம் பேப்பர் போட வந்த பெண்ணைக் கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். மெர்ல் தொலைக்காட்சியில் பேசினதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "துப்பாக்கி நாடீனைக் கொல்லல. ரஸ்ஸும் கொல்லல. ஒரு நல்ல மனுஷனை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தானே ஒரு படுபாவி, அவன்தான் கொன்னான். அவனைப் புடிக்கற வரைக்கும் எல்லாரும் வீட்ல ஒண்ணு வெச்சுக்கங்க."

முக்கால் மணி நேரம் நான் பேசியதை, என் மனைவியின் உயிரை, இந்த ஒரே வாதத்தால் அவர் தள்ளிவிட்டார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இதை மறுக்க எனக்கு ஒரே ஒரு உண்மை போதும், அது என்னிடம்தான் இருக்கிறது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்தேன். திருடன் என்று யாரும் கிடையாது. வெளியாள் யாரும் வரவில்லை. அது நான் மட்டும்தான். இதை நீங்கள் மெர்லிடம், முடிந்தால் தொலைக்காட்சியிலும் சொல்ல வேண்டும். ஆபத்தே இல்லாத இடத்தில் ஒரு துப்பாக்கி ஒரு பெண்ணைக் கொன்றது. இதற்குமேல் தெளிவான நிரூபணம் எனக்குத் தெரிந்து எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரியவில்லை. இந்த முடிவைச் சொல்லும்போது நான் எதிர்பார்த்த முகம் வேறு.

சரி. போன் பற்றிக் கேட்கிறீர்கள். அதை நான் அன்றைக்கே சொல்லியிருக்கிறேன். அப்போது வந்த அதிகாரி மேலே எதுவும் கேட்கவில்லை, மனைவியைப் பறிகொடுத்தவனிடம் எப்படிக் கேட்பார். எதையாவது பார்த்தால் உடனே ஒரு போன் போடுங்கள் என்று ரஸ் என்னிடம் கெஞ்சிக் கேட்டிருந்தார். பார்த்தேன், போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "ரஸ், உன் பின்வாசல்ல யாரோ நிக்கறாங்க" என்றேன். அதில் பொய்யான வார்த்தை ஒன்றும் இல்லை. வேண்டுமானால் திரும்பப் படித்துப் பாருங்கள்.

அந்த யாரோ யாரென்று எனக்குத் தெரியுமா என்கிறீர்கள்.

தெரியும். எங்கள் சமையலறை வெளிச்சம் அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. குண்டானை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கதவைத் தட்டக் கையைத் தூக்கியிருந்தாள். பெயரைச் சொல்லியிருக்கலாம்தான். மூன்றெழுத்துப் பெயர், சொல்ல நேரம் பிடித்திருக்காது. சொல்லியிருந்தால் அவர் கதவைத் திறந்திருப்பார், அவள் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள், மறுநாள் ஊரில் கரண்டியைப் பார்த்தாலே சிரித்திருப்பார்கள்.

ஆனால் நீங்கள் நியாயமாக யோசித்துப் பார்க்க வேண்டும். என் வேலை அவருக்குத் தகவல் சொல்வது, சொன்னேன். கையில் துப்பாக்கி இல்லாத ஒரு மனிதர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? கதவுக்கு இந்தப் பக்கம் நின்று "யாரது?" என்று கேட்டிருப்பார். ரஸ் கேட்கவில்லை. இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.